பூமி சொல்லும் சாட்சியம்

1945-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி விடியற்காலையில், நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டு வெடிக்கப்பட்டபோது, அந்த ரகசியத்தைக் காப்பதற்காக வேலியிட்டும் காவலிட்டும் எத்தனையோ ஏற்பாடுகளைச் செய்திருந்த ராணுவ அதிகாரிகளின் உத்தரவுக்குக் கட்டுப்படாத சாட்சி ஒன்று அங்கே இருந்தது. அந்தப் பாலைவனத்தின் தரையே அது. கலிபோர்னியாவில் பாஸடேனா நகரத்தில் பூகம்ப சாஸ்திரத்தை வளர்த்துவந்த பெனோ கூட்டன்பர்க் என்னும் பேரறிஞர், தென்மேற்கு அமெரிக்காவின் பூகம்பமானிகள் அன்று அதிகாலையில் வரைந்த கோடுகளைச் சேகரித்து ஆராய்ந்து, வெடிப்பு நிகழ்ந்த நேரத்தை வினாடி சுத்தமாகக் கணக்கிட்டு, மறு ஆண்டிலேயே ஒரு கட்டுரையாகப் பிரசுரித்தார். அணு யுகம் பிறந்த நாழிகையைக் குறித்து வைத்தவர்களில், அந்த யுகத்தைப் படைத்தவர்களோடு எந்தச் சம்பந்தமுமில்லாத, நிலநடுக்கத்தை எதிர்பார்த்து ஓயாமல் விழித்திருந்த அந்த எளிய கருவிகளும் உண்டு என்பது, பின்னால் நிகழப்போகிற பெரிய சரித்திரத்துக்கு முன்னறிவிப்பாக அமைந்தது.

ஆயுதக் கட்டுப்பாடு என்று இன்று வழங்குகிற பெருமுயற்சியின் உள்ளே, எவ்வளவு சொல்லலங்காரம் செய்து மூடினாலும் மறையாத கேள்வி ஒன்று உண்டு: ஒரு தேசம் தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்பதை மற்றொரு தேசம் எவ்விதம் அறிவது? இந்தக் கேள்வி பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும், உண்மையில் இரண்டு கேள்விகள் அதற்குள் பின்னிக் கிடக்கின்றன. எவ்வளவு சிறிய வெடிப்பு வரையில் நம் கருவிகளால் கண்டறிய இயலும் என்பது முதலாவது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் விஞ்ஞானி. எவ்வளவு சிறிய வெடிப்பு நம் கவனத்துக்கு வராமல் தப்பினால் நம்முடைய பாதுகாப்புக்குப் பங்கமில்லை என்பது இரண்டாவது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் ராஜ்யத்தை நடத்துபவர். அணு வெடிப்புகளைத் தடுக்க எடுத்துக்கொண்ட முயற்சியின் நீண்ட வரலாற்றைப் படிக்குந்தோறும், இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து, இரண்டாவது கேள்வியின் பாரத்தையும் முதல் கேள்விக்குரியவர்களின் தோளிலேயே ஏற்றிவைத்ததுதான் எல்லாத் தாமதத்துக்கும் ஆதிகாரணம் என்ற எண்ணமே எனக்கு உறுதிப்படுகிறது.

வானவெளியில் வெடிக்கும் குண்டைப் பற்றி இந்தச் சங்கடம் எழவில்லை. 1949 ஆகஸ்ட் 29-ஆம் தேதி சோவியத் நாடு தன் முதல் குண்டை வெடித்ததும், ஒரு வாரம் கழிவதற்குள், வட பசிபிக்கின் மேலே பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானத்தின் வடிதாளில் அதன் கதிரியக்கத் துகள்கள் படிந்து, மாஸ்கோ வாய் திறவாத செய்தியை வாஷிங்டனுக்குத் தெரிவித்துவிட்டன. அந்தத் துகள்கள் செய்தியோடு நிற்காமல் மரணத்தையும் சுமந்து சென்றன என்பதை 1954 மார்ச் முதல் தேதி உலகம் கண்டது. பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த 15 மெகாடன் வல்லமையுள்ள ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், வெகு தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் பொழிய, அதிலிருந்த 23 பேரும் நோயுற்று, அவர்களில் ஐகிச்சி குபோயாமா என்பவர் அதே ஆண்டு செப்டம்பரில் உயிர் நீத்தார். அந்தத் துயரச் செய்தி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த ஏப்ரல் 2-ஆம் தேதியன்றே, அணு வெடிப்புகளை உடனடியாக நிறுத்திவைக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டுமென்று ஜவாஹர்லால் நேரு இந்தியப் பார்லிமெண்டில் முன்மொழிந்தார். வல்லரசுகளின் செவிக்கு அது எட்டியது; சிந்தைக்கு எட்டுவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் குண்டு நிலத்தினுள் புகுந்துகொண்டது. 1957 செப்டம்பர் 19-ஆம் தேதி, நெவாடாவில் ரெய்னியர் என்ற பெயருடைய மேட்டு நிலத்தினுள் சுரங்கம் வெட்டி, அதன் கோடியில் 1.7 கிலோடன் சக்தியுள்ள குண்டு ஒன்றை அமெரிக்கா வெடித்தது. சுரங்கத்தின் முனையை வளைத்து அமைத்திருந்ததால், வெடிப்பின் வேகமே பாதையை நசுக்கி மூடிவிட, ஒரு துளிக் கதிரியக்கத் தூசியும் வெளியே கசியவில்லை. காற்று சாட்சி சொல்லாத இடத்தில் பூமி மட்டுமே மிஞ்சியது. ஆகவே பூமி எவ்வளவு தூரம் பேசுகிறது என்பதே ராஜதந்திரத்தின் விஷயமாகிவிட்டது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க அணுசக்திக் கமிஷன் வெளியிட்ட அறிக்கை, அந்த வெடிப்பின் அதிர்ச்சி சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பால் பதிவாகவில்லை என்று கூறிற்று. நூறு கல்லுக்கு ஒரு காவல் நிலையம் வைக்க வேண்டுமென்று வாதிப்போருக்கு அது எவ்வளவு அனுகூலமான செய்தி என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வாஷிங்டனில் தனியொருவராக வாரப் பத்திரிகை நடத்திவந்த ஐ. எஃப். ஸ்டோன் என்பவர், அரசாங்கத்தின் மற்றொரு இலாகாவான கடற்கரை மற்றும் நில அளவைத் துறையின் பூகம்ப நிபுணர்களிடம் நேரே சென்று விசாரித்து, சுமார் 3,700 கிலோமீட்டருக்கு அப்பால் அலாஸ்காவில் உள்ள நிலையம் வரையில் அந்த வெடிப்புப் பதிவாகியிருப்பதை அறிந்து வெளியிட்டார். கமிஷன் தன் அறிக்கையைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. எவரும் ஒளித்துவைக்காத, கேட்டால் எடுத்துக் காட்டக் காத்திருந்த தாள்களில் அந்த உண்மை இருந்ததென்பதும், கேட்பதற்கு ஒரே ஒருவர்தான் முன்வந்தாரென்பதும் நினைவில் வைக்கத்தக்கவை.

இத்தகைய சூழ்நிலையில்தான், 1958 ஜூலை முதல் தேதி, கிழக்கும் மேற்கும் ஆக எட்டு நாடுகளின் நிபுணர்கள் ஜெனீவாவில் கூடினார்கள். மேற்கு நாடுகளின் தரப்புக்கு ஜேம்ஸ் ஃபிஸ்க்கும், கிழக்கின் தரப்புக்கு எவ்கேனி ஃபியோதரவும் தலைமை தாங்கினர். இகோர் தாமைப் போன்ற பௌதிக மேதைகளும், சைக்ளோட்ரான் கண்ட எர்னஸ்ட் லாரன்ஸும் அங்கே வந்திருந்தார்கள். உடல்நலம் குன்றிய நிலையிலும் வந்த லாரன்ஸ், மாநாட்டின் நடுவிலேயே நோய் முற்றி ஊர் திரும்பி, அந்த ஆகஸ்ட் முடிவதற்குள் காலமானார். குண்டைச் செய்யும் சாலைகளை நிறுவியவர் தம் வாழ்வின் இறுதி உழைப்பைக் குண்டை நிறுத்தும் பேச்சுக்கு ஈந்து போனதை எண்ணும்போது, விஞ்ஞானிகளின் உள்ளத்தைப் பற்றி அவசரமாகத் தீர்ப்பளிப்பது எவ்வளவு பிழை என்று தோன்றுகிறது.

அவர்கள் எதிர்கொண்ட பிரச்சினையைச் சற்று விளக்குவோம். பூமியில் ஒவ்வோர் ஆண்டும் எண்ணற்ற நிலநடுக்கங்கள் நிகழ்கின்றன. அவற்றில் பல்லாயிரம், ஒரு கிலோடன் முதல் சில கிலோடன் வரையுள்ள குண்டின் அதிர்ச்சிக்கு நிகரானவை. அதிர்ச்சி நேர்ந்ததென்று கண்டுகொள்வது ஒன்று. அது இயற்கையின் செயலா, மனிதனின் செயலா என்று பிரித்தறிவது வேறொன்று. குண்டு வெடிக்கும்போது அதைச் சூழ்ந்த பாறை எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. ஆகவே எந்தத் திசையிலுள்ள நிலையத்திலும் முதலில் வந்து சேரும் அலை தரையை மேல்நோக்கியே உந்த வேண்டும். நிலநடுக்கத்திலோ, பிளவுபட்ட பாறையின் இரு பாகங்கள் ஒன்றையொன்று உரசி எதிரெதிராக நழுவுவதால், சில திசைகளில் முதல் அசைவு தள்ளுவதாகவும் மற்றத் திசைகளில் இழுப்பதாகவும் அமைகிறது. எங்கேனும் ஒரு நிலையத்தில் முதல் அசைவு கீழ்நோக்கி இருப்பது ஐயமறத் தெரிந்தால், அது பூகம்பமே என்று தீர்மானித்துவிடலாம். காரணகாரியத் தெளிவுள்ள இந்த அழகிய தத்துவத்தையே நிபுணர்கள் பெரிதும் நம்பினார்கள். உலகெங்கும் 170 நிலையங்களும் கடலில் பத்துக் கப்பல்களும் வைத்தால் ஐந்து கிலோடனுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளில் பத்தில் ஒன்பது பங்கைப் பூகம்பம் என்று ஒதுக்கிவிடலாமென்றும், ஆண்டுதோறும் இருபது முதல் நூறு வரையான நிகழ்ச்சிகளே ஐயத்துக்குரியவையாக மிஞ்சுமென்றும், அவற்றை அந்தந்த இடத்துக்கே சென்று பார்வையிட்டுத் தீர்க்க வேண்டுமென்றும் அவர்கள் ஆகஸ்ட் 21-ஆம் தேதி ஏகமனதாகத் தெரிவித்தனர். பனிப்போரின் கடுங்குளிரில் இரு தரப்பு விஞ்ஞானிகளும் ஒரே அறிக்கையில் உடன்பட்டது பெருஞ்சாதனை. அந்த இலையுதிர் காலத்தின் இறுதியிலிருந்து வல்லரசுகள் மூன்றும் தாமாகவே வெடிப்புகளை நிறுத்தியும் வைத்தன.

ஆனால் அந்த ஏகமனது நீடிக்கவில்லை. நிறுத்தத்துக்குச் சற்று முன்பு, அக்டோபர் மாதத்தில், நெவாடாவில் நிலத்தடியே வெடித்த சில குண்டுகளின் பதிவுகளைக் கூர்ந்து நோக்கியபோது, முதல் அசைவைக் காண்பது நினைத்ததைவிடக் கடினமென்பது தெரியவந்தது. கடலலையும் காற்றும் வாகனப் போக்குவரத்தும் இடையறாது எழுப்பும் மெல்லிய நடுக்கத்தில் அந்தத் தொடக்க அசைவு அமிழ்ந்துபோகிறது. கண்ணுக்குப் புலப்படுவது பெரும்பாலும் அதையடுத்து வரும் அசைவே. ஜெனீவாவில் வகுத்த அளவுகோல் பழுதுபட்டுவிட்டதென்று அமெரிக்கத் தரப்புக் கூற, ஒப்புக்கொண்டதை மாற்றச் சூழ்ச்சி நடக்கிறதென்று சோவியத் தரப்புச் சினந்தது. அடுத்த ஆண்டு ஆல்பர்ட் லாட்டர் என்ற பௌதிக சாஸ்திரி இன்னும் தீவிரமான ஓர் ஐயத்தைக் கிளப்பினார். ஆழத்தில் பெரியதொரு குகையைக் குடைந்து அதன் நடுவே குண்டை வெடித்தால், அழுத்தம் குகையின் காற்றில் பரவித் தணிந்தபின்னரே பாறையைத் தொடுமாகையால், வெளியே செல்லும் அலை முந்நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையக்கூடுமென்று அவர் கணக்கிட்டார். கணக்குப் பிழையற்றது; ஆனால் ஐந்து கிலோடன் குண்டை முழுமையாக மறைக்க, பல நூறு மீட்டர் ஆழத்தில், எண்பது மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுள்ள குகையை, உலகம் அறியாமல் குடைந்து, தோண்டியெடுத்த உப்பையும் பாறையையும் உலகம் அறியாமல் அப்புறப்படுத்த வேண்டும். இயலக்கூடியது வேறு, நடக்கக்கூடியது வேறு. இந்தப் பேதத்தை எடைபோடுவது விஞ்ஞானத்தின் வேலையன்று; ஆயினும் அந்த மேடையில் அது விஞ்ஞானத்தின் தீர்ப்பாகவே வைக்கப்பட்டது.

லாட்டரின் ஊகத்தைப் பிரத்தியட்சமாகச் சோதித்தும் பார்த்தார்கள். மிஸிஸிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் நகருக்கு அருகே, பூமிக்கடியில் கிடந்த உப்புக் குன்று ஒன்றினுள் 1964 அக்டோபரில் 5.3 கிலோடன் குண்டை வெடித்து, அதனால் உண்டான பொந்தினுள்ளேயே 1966 டிசம்பரில் 0.38 கிலோடன் குண்டை வெடித்தனர். அலைகள் சுமார் எழுபது மடங்கு குறைந்தன. மறைத்தல் மெய்தான், முன்னர் அஞ்சிய அளவுக்கு இல்லை.

ஐயத்துக்கு ஒரு நற்பலனும் உண்டு. அது உண்மையான ஐயமாக இருந்தால் ஆராய்ச்சியைப் பிறப்பிக்கிறது. 1959-இல் லாய்ட் பெர்க்னர் தலைமையில் அமைந்த குழு, பூகம்ப சாஸ்திரம் ஆதரவின்றி நலிந்து கிடப்பதையும், ஊருக்கொரு கருவியும் கருவிக்கொரு அளவுமாக இருக்கும்வரையில் எந்த ஒப்பந்தத்துக்கும் அது துணை நிற்க இயலாதென்பதையும் எடுத்துக்காட்டிற்று. அதன் விளைவாக, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற பூகம்பமானிகளும் துல்லியமான கடிகாரங்களும் பொருந்திய சுமார் 120 நிலையங்கள், 1960-களில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நிறுவப்பட்டன. சூரியனை ஆராய்வதற்காகப் பெயர் பெற்ற கொடைக்கானல் மலையும் அந்த நிலையங்களில் ஒன்றைத் தாங்கியது. டில்லி, பூனா, ஷில்லாங் ஆகியவை அதனுடைய இந்தியத் துணைகள். ஒவ்வொரு நிலையமும் புகைப்படத் தாளில் வரைந்த பதிவு நுண்படமாக்கப்பட்டு, விரும்பிய எந்த ஆராய்ச்சியாளருக்கும் நட்பு பகை பாராமல் வழங்கப்பட்டது. ராணுவப் பணத்தில் பிறந்த இந்த ஏற்பாட்டின் திறந்த உள்ளத்தைப் போற்றாதிருக்க முடியவில்லை.

பயிரிட்டவர்கள் எதிர்பாராத விளைச்சல் ஒன்று அதில் கிடைத்தது. புதிய பதிவுகளைக்கொண்டு உலகத்தின் நிலநடுக்கங்களைப் படத்தில் குறித்தபோது, அவை கண்டபடி சிதறிக் கிடக்காமல், சமுத்திரங்களின் நடுமுதுகிலும் கண்டங்களின் விளிம்பிலும் ஒடுங்கிய வரிகளாக ஓடுவது தெளிவாயிற்று. நடுக்கடல் மலைத்தொடர்களை வெட்டும் பிளவுகளில் பாறை நழுவும் திசையை 1967-இல் லின் சைக்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் இந்தப் பதிவுகளிலிருந்தே நிர்ணயித்தார். மறு ஆண்டில் அவரும் பிரையன் ஐசக்ஸும் ஜாக் ஆலிவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு, கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்ற சித்தாந்தத்துக்கு வலுவான அடிப்படையாயிற்று. குண்டுக்கு ஒற்றறியப் புகுந்த கல்வி, பூமியின் மேலோடு எவ்வாறு இயங்குகிறது என்ற ஆதி ரகசியத்தைக் கண்டு மீண்டது.

பிரித்தறியும் முறையும் முன்னேறிற்று. குண்டின் வெடிப்பு சிறிய இடத்தில் கண நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதே அளவுடைய பூகம்பத்திலோ பிளவு நெடுந்தூரம் ஓடி, நழுவுதல் வினாடிக்கணக்கில் நீள்கிறது. ஆகையால் பூமியின் உட்புறத்தை ஊடுருவி வரும் குறுகிய அலைகளில் இரண்டும் ஒத்திருந்தாலும், மேற்பரப்பின் வழியே தவழ்ந்து வரும் நீண்ட அலைகளைப் பூகம்பமே மிகுதியாக எழுப்புகிறது. இவ்விரு அலைகளின் விகிதத்தை அளந்தால், முதல் அசைவைத் தேடித் தவிக்க வேண்டியதில்லை. மேலும், ஒரு கருவியை நம்பாமல் பலவற்றைப் பல கிலோமீட்டர் பரப்பில் வரிசையாக வைத்து அவற்றின் பதிவுகளைக் கூட்டினால், தற்செயலான நடுக்கங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தூரத்திலிருந்து வரும் அலை மட்டும் எழும்பி நிற்கும். பிரிட்டிஷாரின் ஒத்துழைப்போடு பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1965-இல் இந்தியா அமைத்த நிலையம் இவ்வகையைச் சேர்ந்ததே. அமெரிக்காவின் மான்டானாவில் அதே ஆண்டு 525 கருவிகளைக்கொண்ட பிரம்மாண்டமான வரிசை ஒன்று எழுந்தது.

ஆனால் ராஜ்யங்களின் தீர்மானம் இந்த முன்னேற்றத்துக்குக் காத்திருக்கவில்லை. 1961 செப்டம்பரில் சோவியத் நாடு வெடிப்புகளை மீண்டும் தொடங்க, அமெரிக்காவும் பின்தொடர்ந்தது. அந்த நெருக்கடியில், 83 வயதில், வாழ்நாளில் முதன்முறையாக அந்நிய நாட்டுக்குப் புறப்பட்ட ராஜாஜி, காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று, 1962 செப்டம்பர் இறுதியில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, வெடிப்புகளை நிறுத்த வேண்டுமென்று எடுத்துரைத்தார். எந்த அதிகார பலமும் இல்லாத ஒரு முதியவர், தம் அறிவின் தெளிவையும் மனச்சாட்சியையும் மட்டுமே ஆயுதமாகக்கொண்டு வல்லரசின் தலைவரோடு வாதித்த அந்நிகழ்ச்சியைத் தமிழர்கள் இன்னும் அதிகமாக அறிந்திருக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் கியூபா நெருக்கடி உலகத்தைப் பிரளயத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய்த் திருப்பிவிட்டது. டிசம்பரில், தன் நாட்டினுள் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை அந்நியர் வந்து பார்வையிட அனுமதிப்பதாகச் சோவியத் பிரதமர் குருஷ்சேவ் எழுதினார். அமெரிக்கப் பிரதிநிதி ஆர்தர் டீன் அத்தகைய எண்ணைச் சோவியத் தூதரிடம் குறிப்பிட்டதாக அவர் கருதியிருந்தார். டீனோ தாம் அவ்வாறு சொல்லவில்லையென்று மறுத்தார். அமெரிக்கா ஏழு வரை இறங்கி வந்து நின்றுவிட்டது. மூன்றுக்கும் ஏழுக்கும் இடையிலுள்ள அந்த நான்கில் எந்த விஞ்ஞான ரகசியமும் இல்லை. எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு நிலத்தைப் பார்ப்பார்கள், எங்கே துளையிடுவார்கள் என்பதைப் பேசி முடிக்காமலே, வெறும் எண்ணைப் பற்றிய பேரத்தில் சர்வ வெடிப்புத் தடை கைநழுவிற்று. 1963 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மாஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கை, காற்றிலும் கடலிலும் விண்ணிலும் வெடிப்பதைத் தடுத்து, நிலத்தடியை விட்டுவைத்தது. கதிரியக்கத் தூசியால் குழந்தைகளின் பாலில் கலந்த நஞ்சு குறைந்தது. அது அற்பமான நன்மையன்று. ஆனால் அதற்குப் பின் நிலத்தடியே நிகழ்ந்த வெடிப்புகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை.

1974-இல் வந்த மற்றோர் ஒப்பந்தம், 150 கிலோடனுக்கு மேல் நிலத்தடியிலும் வெடிப்பதில்லை என்று வரம்பு கட்டியது. சிறிது காலத்திலேயே, சோவியத் நாடு அந்த வரம்பை மீறுவதாக அமெரிக்காவில் குற்றச்சாட்டு எழுந்து, 1980-களில் அரசாங்கத்தின் அறிக்கைகளிலேயே இடம்பெற்றது. அலையின் அளவிலிருந்து குண்டின் சக்தியைக் கணக்கிடும் சூத்திரம் நெவாடாவின் அனுபவத்தில் உருவானது என்பதை அந்த அறிக்கைகள் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. ஈரமண் தரையில் உலக்கை போட்டு இடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை. கருங்கல் தளத்தில் அதே உலக்கையை அதே பலத்தோடு இடித்தால் தெருக்கோடி வரையில் கேட்கிறது. நெவாடாவின் அடியிலுள்ள பாறை இளமையானது, வெப்பமிக்கது, அலையை விழுங்குவது. கஜகஸ்தானில் சோவியத் வெடிப்புகள் நிகழ்ந்த செமிபலாட்டின்ஸ்க்கின் அடியிலோ தொன்மையான, குளிர்ந்த, இறுகிய பாறை கிடக்கிறது. நெவாடாவின் சூத்திரத்தை அங்கே பொருத்தினால் 150 கிலோடன் குண்டு இரு மடங்கு போலத் தோன்றும். கண்டத்தட்டுகளின் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற சைக்ஸே இந்த வாதத்தை இடைவிடாமல் எடுத்துரைத்தவர்களில் முக்கியமானவர். 1974-இல் அந்த ஒப்பந்தத்துக்காக மாஸ்கோ சென்ற குழுவிலும் அவர் இருந்தார்.

இந்த வழக்கைத் தீர்த்துவைத்தவர்கள் முதலில் அரசாங்கத்தார் அல்லர். சோவியத் தலைவர் கார்பச்சேவ் தாமாகவே வெடிப்புகளை நிறுத்தியிருந்த காலத்தில், 1986 மே மாதம், அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் குழு என்ற தனியார் ஸ்தாபனமும் சோவியத் விஞ்ஞான அகாதெமியும், தாமஸ் காக்ரன், எவ்கேனி வெலிகோவ் ஆகியோரின் முயற்சியால், ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. இரண்டு மாதங்களுக்குள், கலிபோர்னியாவிலிருந்து கொண்டுபோன கருவிகளோடு அமெரிக்க விஞ்ஞானிகள் கர்க்கரலின்ஸ்க் என்ற இடத்தில், செமிபலாட்டின்ஸ்க் களத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில், தரையின் நாடியைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்நியனை உள்ளே விடாத நாடு என்று கால் நூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவந்த நாடு அது. அங்கே கிடைத்த பதிவுகள் அப்பகுதியின் பாறை அலைகளை எவ்வளவு தெளிவாகக் கடத்துகிறது என்பதைக் காட்டின. 1988-இல் அரசாங்கங்களே அந்த வழியில் நடந்து, ஆகஸ்டில் நெவாடாவிலும் செப்டம்பரில் செமிபலாட்டின்ஸ்க்கிலும் ஒருவர் வெடிப்பை மற்றவர் நேரில் அளந்தனர். 1974-இன் ஒப்பந்தம் 1990 டிசம்பரில்தான் சட்டபூர்வமாக அமலுக்கு வந்தது.

ஜெனீவாவில் ஸ்வீடனின் தூண்டுதலால் 1976-இல் அமைந்த விஞ்ஞான நிபுணர் குழு, வல்லரசுகள் பேசிய காலத்திலும் பேசாத காலத்திலும், பதிவுகளைப் பரிமாறி ஒத்திகை பார்த்துவந்தது. 1996 செப்டம்பர் 24-ஆம் தேதி சர்வ வெடிப்புத் தடை உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டபோது, அதன் காவலுக்கு வேண்டிய திட்டம் ஆயத்தமாக இருந்ததற்கு இந்த மௌனமான உழைப்பே காரணம். அத்திட்டப்படி, வியன்னாவைத் தலைமையிடமாகக்கொண்டு 321 நிலையங்களும் 16 பரிசோதனைச் சாலைகளும் அமைய வேண்டும்: நிலத்தைக் கேட்பவை 170, கடலைக் கேட்பவை 11, செவிக்கெட்டாத தாழ்ந்த ஒலியைக் காற்றில் கேட்பவை 60, கதிரியக்கத்தை முகர்பவை 80. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்று இயங்குகின்றன. உடன்படிக்கையோ இன்னும் அமலுக்கு வரவில்லை. அதற்கு இன்றியமையாத 44 நாடுகளில் இந்தியா உட்படச் சில கையெழுத்திடவே இல்லை. அமெரிக்க செனட் 1999-இல் நிராகரித்தது. ரஷ்யா 2023-இல் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது.

அந்தக் காவலின் கூர்மைக்கு உதாரணங்கள் உண்டு. 2006 அக்டோபர் 9-ஆம் தேதி வட கொரியா வெடித்த குண்டு ஒரு கிலோடனுக்கும் குறைவானது. இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள், தென் அமெரிக்காவின் பொலிவியா வரையில், அதை அறிந்தன. இரண்டு வாரங்கள் கழித்துக் கானடாவின் எல்லோநைஃப் நிலையம் காற்றில் கலந்து வந்த ஸெனான் வாயுவைப் பிடித்து, அது அணுகுண்டே என்பதை உறுதிப்படுத்திற்று. அதன் எல்லைக்கும் உதாரணம் உண்டு: 1998 மே 11-ஆம் தேதி பொக்ரானில் நிகழ்ந்ததை உலகமெல்லாம் பதிவு செய்தது, 13-ஆம் தேதி வெடித்ததாக இந்தியா அறிவித்த இரண்டு மிகச் சிறிய குண்டுகளையோ சர்வதேச நிலையங்கள் அறியவில்லை. ஆனால் என் நெஞ்சை உறுத்துவது மூன்றாவது உதாரணம். 1997 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ரஷ்யாவின் நோவயா ஸெம்ல்யா களத்துக்கு அருகே சிறு அதிர்ச்சி ஒன்று பதிவாயிற்று. அணு வெடிப்பாக இருக்கலாம் என்று வாஷிங்டனில் செய்தி கசிந்தது. பூகம்ப அறிஞர்கள் சில நாட்களிலேயே ஆராய்ந்து, அது களத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிக் காரா கடலின் அடியில் நேர்ந்த நிலநடுக்கமே என்று காட்டினார்கள். அப்படியிருந்தும் அரசாங்கம் தன் ஐயத்தைக் கைவிட நவம்பர் ஆயிற்று. விஞ்ஞானத்தின் விடை வந்த பின்னும் ஐயம் தங்கியிருந்த அந்த இடைக்காலத்தில் கருவியின் குறை எதுவும் இல்லை.

இனி வரும் ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது, இந்தப் பழைய வழக்கு எவ்வளவு பாக்கியம் செய்தது என்று நினைக்கத் தோன்றுகிறது. செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைக்கும் வித்தை இன்னும் தன்னைக் காட்டிக்கொடுக்கும் வகையைச் சேர்ந்தது. 2021 நவம்பரில் ரஷ்யா தன் பழைய கோள் ஒன்றைத் தகர்த்தபோது எழுந்த ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளை ரேடார்கள் எண்ணிவிட்டன. மனிதனின் கட்டளையின்றித் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் தன்னியங்கு ஆயுதத்துக்கோ எந்த அதிர்ச்சியும் எந்தத் தூசியும் இல்லை. மனிதன் பொத்தானை அழுத்த வேண்டிய விமானமும், அழுத்த வேண்டாத விமானமும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. உள்ளிருக்கும் கட்டளைத் தொடரை ஓரிரவில் மாற்றிவிடலாம். இதைப் பற்றி ஜெனீவாவில் அரசாங்கங்களின் நிபுணர்கள் 2017 முதல் கூடிப் பேசிவருகிறார்கள். ஸ்டாக்ஹோமில் 1966 முதல் இயங்கும் சமாதான ஆராய்ச்சி நிலையமும், ஐக்கிய நாடுகளின் ஆயுதக் குறைப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இதை ஊன்றி ஆராய்கின்றன. இங்கே முதல் கேள்விக்கே விடை இல்லாதபோது, இரண்டாவது கேள்வியை ராஜ்யத்தார் நேராகவே ஏற்றுக்கொண்டாக வேண்டும். எந்த அளவு அறியாமையோடு எந்த வரம்பை ஒப்புக்கொள்வது என்று நிபுணர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளியாமல் சொல்லியாக வேண்டும்.

அணுவின் வழக்கிலும் இன்று எஞ்சியிருப்பது மிகச் சிறிய அளவுகளே. நெவாடாவிலும் நோவயா ஸெம்ல்யாவிலும் சீனாவின் லோப் நோரிலும் சுரங்க வேலைகள் நடப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. அணுத்தொடர்வினை தானே பெருகாத அளவில் புளுட்டோனியத்தை வெடிமருந்தால் நசுக்கிப் பார்க்கும் பரிசோதனைகளை உடன்படிக்கை தடுப்பதாக அமெரிக்கா கருதவில்லை. பெருகும் அளவைச் சற்றே தாண்டிய பரிசோதனைகளை மற்றவர்கள் செய்வதாக அது ஐயுறுகிறது. எஃகுக் கலத்தினுள் நிகழும் அத்தகைய சிறு வெடிப்பைப் பூமியின் எந்தக் கருவியும் தூரத்திலிருந்து கேட்க இயலாது. கலத்தின் அருகே கதிர்மானி ஒன்றை வைத்து, பரிசோதனைக்குப் பின் அதிலிருந்து வெளிப்படும் காமாக் கதிர்களை அளந்தால், அணுப்பிளவு எல்லை தாண்டிற்றா என்று சொல்லிவிடலாமென்று ஆராய்ச்சியாளர்கள் வழிமுறை வகுத்திருக்கிறார்கள். தன் பரிசோதனைகளைப் பிற நாட்டார் நேரில் வந்து அளக்க இடமளிக்கலாம் என்ற யோசனையை 2023 ஜூன் மாதம் அமெரிக்காவின் அணுப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்டது. யார் முதலில் அழைப்பது, எத்தனை பேரை அழைப்பது, அவர்கள் எந்தக் கருவியைக் கொண்டுவரலாம் என்பவை இன்னும் பேசி முடிக்கப்படவில்லை.